வெள்ளை பெனியன் போட்ட காகம்

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்து வாசித்தவள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், உயரட்டும். அப்பாவின் கையெழுத்து வேலி அடைத்ததுபோல நாலைந்து நெட்டுக்கோடுகள். அம்மாவுக்கு அதுவும் இல்லை, பெருவிரல்தான். அம்மாவின் தம்பியான மாமா கப்பலில் சமையற்காரராகப் பாதி உலகம் சுற்றியவர். ஆனால் இறங்கிய எந்தத் துறைமுகத்தின் பெயர்ப்பலகையையும் வாசித்தறியாதவர். இந்த மூன்று பேர் இருந்த வீட்டில், எட்டு வயதில், ஒக்லாந்து நகரத்து மனுரேவாவில் பத்து மாதம் பள்ளிக்கூடம் போய்விட்டு, பாண் ரொட்டிப் பையில் இருந்த எழுத்துகளை நான் உரத்து வாசித்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். ஏன் நின்றீர்கள் என்று அம்மா கேட்டார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதமும் என் கைக்கு வந்தது. கரண்ட் பில், பள்ளிக்கூடக் கடிதம், கடைகளின் மலிவு விற்பனைத் துண்டு, மழைக்குள் யாரோ கதவடியில் செருகிவிட்டுப் போன சமயப் பிரசுரம். நான் சொன்னதுதான் அதில் எழுதியிருந்தது. சரிபார்க்க ஆளில்லை. எட்டு வயதில் அப்படியோர் அதிகாரம் எந்த ராசாத்திக்கும் இருந்திருக்காது.

பறவைகள் விஷயத்தில் மட்டும் அதிகாரம் மாமாவிடம் இருந்தது.

மாமா எங்களுக்கு முன்னரே ஒக்லாந்துக்கு வந்துவிட்டவர். மொம்பாசாவில் கப்பலை விட்டு இறங்கி, நைரோபியில் ஒரு நியூசிலாந்து எஞ்சினியர் வீட்டில் எட்டு வருடம் சமைத்தார். எஞ்சினியர் தன் ஊருக்குத் திரும்பியபோது மாமாவையும் கூட்டிவந்தார். ஊரில் சண்டை மூண்டதும் மாமா எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார். ஆனால் அவர் பேச்சில் நைரோபி முடியவேயில்லை. அந்த எஞ்சினியர் வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் காடு. ஊருக்கு வெளியே அல்ல. நகரத்துக்கு உள்ளே, பஸ் ஹார்ன் கேட்கும் தூரத்தில், அரசாங்கம் வெட்டாமல் காவல் போட்டு வைத்திருந்த காடு. அங்கே முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான் இருந்தது என்பார் மாமா. இலைப் பச்சை நிறத்தில் ஒரு பறவை மரக்கிளையில் ஓடித் திரியும். செட்டையை விரித்தால் உள்ளே இரத்தச் சிவப்பு. குரங்குகள் மதிலேறி வந்து குசினி ஜன்னலில் இருந்த வாழைப்பழத்தை எடுக்கும். அந்தக் குரங்குகளையே தூக்கிக்கொண்டு போக, தலையில் முடி வைத்த ஒரு கழுகும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே இருவாச்சி. மாமாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. கொம்புச் சொண்டன் என்பார்.

"அது பறந்தா ரயில் வாற மாதிரிச் சத்தம், பிள்ளை. நான் குசினிக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், ரெண்டு வருது எண்டு. துரை வெளியில போய்ப் பார்ப்பார். ரெண்டுதான்."

அந்தப் பறவை முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் இருந்துகொள்ளும். வாசலைச் சேற்றால் பூசி அடைத்துவிடும். ஒரு கீறல் மட்டும் மிச்சம். அந்தக் கீறலுக்குள்ளால் ஆண் நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து ஊட்டும். ஒரு நாள் அது வராவிட்டால் உள்ளே இருப்பதற்குப் பட்டினி.

"அப்ப அந்த ஆம்பிளைக்கு வேற வேலை வெட்டி இல்லையாக்கும்" என்றார் அப்பா.

"இருக்கும். ஆனா அது உங்களை மாதிரிச் சொல்லிக்காட்டாது, அத்தான்" என்றார் மாமா.

அம்மா சிரித்தார். அப்போது தம்பி அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். அப்பா தொழிற்சாலைக்கும் மாமா பண்டகசாலைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, அம்மா நாள் முழுக்க அந்த வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தெருவில் யாருடனும் கதைக்கப் பாஷை இல்லை.

எங்கள் பின்வேலிக்கு அப்பாலும் ஒரு காடு உண்டு. காடு என்றால், வீடுகள் கட்டும்போது தப்பிப் பிழைத்த ஒரு துண்டு. சுற்றி நடக்க இருபது நிமிடம் காணும். நைரோபிக் காட்டுக்கு முன்னால் இது ஒரு கீரைப்பாத்தி என்று மாமா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் வேலையால் வந்ததும் அந்தக் கீரைப்பாத்திக்குள்தான் என்னைக் கூட்டிப்போவார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "மேல, இடப் பக்கம், தொண்டையில வெள்ளைக் குஞ்சம் கட்டினவன்" என்பார். நிமிர்ந்து பார்த்தால் ஒரு டூயிப் பறவை மஞ்சள் பூவுக்குள் சொண்டைவிட்டுத் தேன் குடித்துக்கொண்டிருக்கும். விசிறிபோல வாலை விரிக்கும் சின்னக் குருவி எங்கள் பின்னாலேயே வரும். நாங்கள் கிளப்பிவிடும் பூச்சிக்காகத்தான் வருகிறது, பாசத்தால் அல்ல என்று மாமா சொன்னார். எனக்கு அது கொஞ்சம் கவலையாக இருந்தது.

எங்களுக்கு அந்த நாட்டில் முதல் புரட்டாசி வந்தது. புரட்டாசிச் சனி பிடிப்பவர்கள் விரதமிருந்து சமைத்து, முதற்பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அதற்குச் சனீஸ்வரன் ஒரு காரணம். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய காரணம் அம்மாவின் அப்பா, அம்மா அப்பு என்று கூப்பிட்டவர். நாங்கள் விமானம் ஏறுவதற்கு மூன்று கிழமை முன்னர், அதே புரட்டாசியில்தான் அவர் செத்துப்போனார். செத்தவர்கள் காகமாய் வந்து சோறெடுப்பார்கள் என்பது அம்மாவுக்கு நம்பிக்கையல்ல. நாளைக்குச் சூரியன் வரும் என்பதுபோல ஒரு தகவல்.

முதற்சனி காலை அம்மா பின்வேலியில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க காகத்தையே காணேல்லை, தம்பி" என்றார்.

"அங்கை நிக்குது, அக்கா" என்று மாமா புல்வெளியைக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு பெரிய பறவைகள் மதிப்பாக நடந்துகொண்டிருந்தன.

"காகம் கறுப்பெல்லோ?"

"எங்கட ஊர்க் காகம் கறுப்பு. நைரோபிக் காகம் வெள்ளை பெனியன் போட்டிருக்கும். ஊருக்கு ஊர் உடுப்பு வேறதானே? நீயும் இங்கை வந்து சப்பாத்துப் போடேல்லையோ?"

அம்மா தன் காலைப் பார்த்தார். நியாயம் பிடித்துவிட்டது. வேலிக்கட்டையின் தலையில் ஓர் இலையை வைத்து அதில் சோறு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பறவைகளில் ஒன்று பறந்துவந்து கட்டையில் இருந்து, தலையைச் சரித்து எங்களைப் பார்த்துவிட்டுக் கொத்தத் தொடங்கியது.

"அப்பு இவ்வளவு தூரமும் கண்டுபிடிச்சு வந்திட்டார்" என்றார் அம்மா. அந்த நாட்டில் அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்தது அன்றுதான். அன்று அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மாமா பால்மா வந்த தகரப் பேணி ஒன்றோடு காட்டு விளிம்பில் குந்தியிருந்து மண்புழு கிண்டுவார். கேட்டால் மீன் பிடிக்க என்பார். சனி விடிய நாங்கள் எழும்பமுன் அந்தப் பேணியோடு வெளியே போய்விட்டு வெறுங்கையோடு வருவார். "மச்சான்ரை மீனெல்லாம் கடலிலயே பத்திரமா நிக்குது" என்று அப்பா ஒவ்வொரு சனியும் நக்கல் அடிப்பார். மாமா கோபப்பட்டதே இல்லை.

அந்த மாதம் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள்: வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் உள்ள பறவைகளைப் பார்த்து எழுதி வரவேண்டும். ரீச்சர் எனக்கு நூலகத்துப் புத்தகம் ஒன்றை வீட்டுக்கே தந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் நிறப்படம். மாமாவின் குஞ்சம் கட்டினவனைக் கண்டுபிடித்தேன். பூச்சிக்காகப் பின்னால் வரும் குருவியைக் கண்டுபிடித்தேன். பாசம் இல்லை என்று புத்தகமும் சொன்னது. பிறகு வெள்ளை பெனியன் போட்ட காகம் வந்தது.

அது காகமே இல்லை. அதன் பெயர் மேக்பை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. கடைசிப் பக்கத்தில் உள்ள பெயர்ப்பட்டியலில் காகத்தைத் தேடினேன். அதன் சொந்தக்காரப் பறவை ஒன்று மட்டும், எங்கேயோ தூரத்து வயல்களில். எங்கள் நகரத்தில் காகமே இல்லை.

எனக்குப் புல்லரித்தது. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை, மாமாவுக்கே தெரியாத ஒன்றை நான் வாசித்து அறிந்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் கடைசிச் சனி. அதோடு அம்மாவின் அப்பாவுக்கு ஆண்டுத் திவசமும் அன்றுதான். இராச்சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்ததும் நான் கதிரையில் ஏறி நின்று அறிவித்தேன்.

"மாமா சொன்னது பிழை. அது காகமில்லை. இந்த ஊரில காகமே இல்லை. புத்தகத்தில போட்டிருக்கு!"

யாரும் கை தட்டவில்லை. மாமா என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோற்றவரின் பார்வை என்று நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

"எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார் அம்மா.

நான் வரியைக் காட்டினேன். அம்மா ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அடுப்பு சுடுகிறதா என்று பார்ப்பதுபோலத்தான் இருந்தது. 

மறுநாள் அம்மா விடியமுதல் எழும்பிச் சமைத்தார். ஐயர் இல்லாத ஊர். மாமாதான் மகன் என்ற முறையில் தெரிந்த அளவுக்குப் படைத்துக் கும்பிட்டார். அம்மா சோற்றைக் கொண்டுபோய் வேலிக்கட்டையில் வைத்தார். மேக்பைகள் ஏற்கெனவே அங்கே காத்துநின்றன. வைத்த கை எடுக்கமுன் வந்து தின்றன. கடைசிப் பருக்கைவரை தின்றன.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பு வரேல்லை" என்றார்.

உள்ளே வந்து சுவரைப் பார்த்து இருந்தார். சாப்பிடவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணி வேண்டாம் என்றார். பன்னிரண்டு மணிக்கு அப்பா கெஞ்சினார். "பிள்ளைத்தாச்சிக்கு விரதம் இல்லையடியப்பா. உலகத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"அந்தப் பிள்ளைக்கும் தன்ர அம்மப்பா ஆரெண்டு தெரியவேணும்."

"வயித்துக்குள்ள இருக்கிறதுக்கு அம்மப்பாவைத் தெரியாது, பசியைத்தான் தெரியும்!"

இரண்டு மணிக்கு எழும்பப் பார்த்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. அப்பா தாங்கிப் பிடித்து இருத்தினார்.  புத்தகத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், அது அங்கே இல்லாவிட்டால் காகம் வந்துவிடும் என்பதுபோல.

மாமா என்னைக் கையால் கூப்பிட்டுப் பின்பக்கம் காட்டு விளிம்புக்குக் கூட்டிப்போனார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அந்தப் புத்தகத்தை இன்னொருக்கா வடிவாப் பார். இன்னும் ஏதாவது போட்டிருக்கும்."

"இல்லை மாமா. நான் முழுக்க வாசிச்சிட்டன்."

"போட்டிருக்கும்."

"புத்தகம் மாறாது மாமா. எத்தனை தரம் பார்த்தாலும் அதேதான் இருக்கும்." வாசிக்கத் தெரியாதவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

 "கொம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கொப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றார் மாமா. "உனக்கு மட்டுந்தான் தெரியும்." அவ்வளவுதான். என்னை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விசிறிவால் குருவி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழிருந்த புத்தகத்தை எடுத்தேன். அம்மாவுக்கு முன்னால் சப்பணமிட்டு இருந்து, மேக்பையின் படத்தைத் திறந்து, எழுத்தின் கீழ் விரலை வைத்தேன்.

"அம்மா, நான் நேற்று முழுக்க வாசிக்கேல்லை. மிச்சம் கிடக்கு."  "இந்தப் பறவை முந்தி இந்த ஊரில இருக்கேல்லை. கடல் தாண்டிக் கப்பலில வந்தது." இவ்வளவும் புத்தகத்தில் உண்மையாகவே இருந்தது. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். "காகம் இல்லாத ஊரில, காகம் செய்யிற எல்லாத்தையும் இதுதான் செய்யும்."

 அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பிடியே போட்டிருக்கோ?"

"ஓம் அம்மா."

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லும் மாறாமல், அதே இடத்தில் விரலை நகர்த்தி, அதே வேகத்தில். அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "நல்ல வடிவா வாசிக்கிறாய்" என்றார். எழும்பிப் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டார். பசித்த மாடு வைக்கோலை இழுப்பதுபோல நாங்கள் நாலு பேரும் அன்று சாப்பிட்டோம். மாமா எனக்குத் தன் பங்கு அப்பளத்தையும் தந்தார்.

மாமாவின் பிழையை நான் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு இப்படித்தான் இரங்கவேண்டும் என்று பெருந்தன்மையாகவும் இருந்தது. வகுப்புக்கு எழுதிக் கொடுத்த பக்கத்தில் மேக்பையைச் சரியாகவே எழுதினேன். ரீச்சர் அதில் நட்சத்திரம் ஒட்டித் தந்தார்.

தையில் தம்பி பிறந்தான், நல்ல கொழுத்த பிள்ளையாக. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். என் பெயரைக் கூப்பிட்டுப் பட்டம் தந்த அன்று, நிரம்பியிருந்த மண்டபத்தில் எல்லோரும் இருந்துகொண்டு கை தட்ட, அப்பா ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். இந்த முறை அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவரும் பக்கத்தில் எழுந்து நின்றார். நகரங்களுக்குள் மிஞ்சியிருக்கும் காடுகளில் பறவைகளை எண்ணுவது இப்போது என் வேலை. அந்த வேலைதான் என்னை நைரோபிக்கும் கொண்டுபோனது.

மாமாவின் காட்டுக்குள் காவலர் ஒருவரோடு மூன்று நாள் நடந்தேன். முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான் புதருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. இலைப் பச்சைப் பறவை செட்டையை விரித்தது, இரத்தச் சிவப்பு. இரண்டாம் நாள் காலை தலைக்கு மேலே ரயில் வந்தது. கண்ணை மூடினேன். இரண்டு என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். இரண்டு இருவாச்சிகள், காட்டின் மேலாகப் போய்க்கொண்டிருந்தன. மாமா சொன்ன எதிலும் ஓர் இறகுகூடப் பொய் இல்லை. அந்தக் காட்டுக்குள் நின்று, என் மாமாவைப்போல ஒரு பறவை ஆய்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை என்று காவலரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காட்டு வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குப்பைத் தொட்டியின் விளிம்பில் அது வந்து இருந்தது. கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை பெனியன். வாயைத் திறந்து, எங்கள் ஊர்க் காகத்தின் தொண்டை தடித்த அண்ணன்போல, கரகரவென்று கத்தியது.

என் கையில் தேநீர் ஆறிப்போனது. மேக்பை கத்தாது, பாடும். தண்ணீருக்குள் புல்லாங்குழல் ஊதியதுபோல இருக்கும் அதன் குரல். பார்வையில் ஏமாறலாம், காதில் ஏமாற முடியாது. குசினிக்குள் கண்ணை மூடிக்கொண்டு வானத்தில் போகும் இருவாச்சியை எண்ணியவர், எட்டு வருடம் தினமும் இந்தக் காகத்தின் சத்தத்தில் கண் விழித்தவர், மேக்பையைக் காகம் என்று நினைத்திருக்க முடியுமா? முதற்சனிக்கு முன்னரே, ஒவ்வொரு சனி விடியலும் அந்தக் கட்டையின் தலையில் புழு வைத்துப் பழக்கியிராவிட்டால், சோற்றுக்கு மேக்பை ஏன் வரப்போகிறது? கதிரையில் ஏறி நின்று நான் கெடுத்தது அவருடைய அறியாமையை அல்ல.

வீடு திரும்பி அடுத்த சனிக்கிழமை, அதுவும் புரட்டாசிச் சனி, மனுரேவாவுக்குப் போனேன். வீடு இப்போது எங்களுடையது. பின்வேலியும் அதே வேலிதான். மாமா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். அம்மா அடுப்படியில் நின்றார்.

"மாமா, அந்தப் பால்மாப் பேணியில மண்புழு எதுக்கு?"

மாமா அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மீன் பிடிக்க, பிள்ளை."

"இருபது வருசமா உவன் பிடிச்ச மீனை நான் ஒரு நாளும் சட்டியில காணேல்லை" என்று அடுப்படிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்க வித்துப்போட்டவன் எண்டு கேட்டுச் சொல்லு. நீயும் அந்தப் புத்தகத்தில மிச்சம் ஏதும் போட்டிருக்கோ எண்டு பார்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முதற்பிடி சோற்றை இலையில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறக்க, வேலிப் பக்கமிருந்து தண்ணீருக்குள் ஊதிய அந்தப் பாட்டுக் கேட்டது.

"ரெண்டு காகம் வந்திட்டுது, அக்கா" என்றார் மாமா.